தேய்மானம்: ஒரு கறுப்பு சான்ட்ரோவின் கதை

கறுப்புக் கார் வாங்காதீங்க மக்களே. அதுவும் பரளச்சி மாதிரி ஊர்ல இருந்தா வாங்கவே வாங்காதீங்க. இதை எங்கப்பாகிட்ட 2016-லேயே யாராவது சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேற விஷயம்.

எங்க ஊர் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. அருப்புக்கோட்டையில பஸ் ஏறினா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் கரிசல் காடுமா வரும். மானம் பார்த்த பூமி. மழை பெய்தா களிமண் செருப்பைப் பிடுங்கிக்கும், பெய்யலைன்னா புழுதி. பெரும்பாலும் புழுதிதான். இது போக, கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறது எங்க பக்கத்துத் தொழில். எங்கப்பாவுக்கும் கரி வியாபாரம்தான். ஆக, எங்க வீட்டு வாசல்ல நிக்கிற கார் மேல மண்ணும் படியும், கரித்தூளும் படியும்.

கார் 2012 மாடல் சான்ட்ரோ. 2016-ல மதுரையில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வாங்கினது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ஆலையில செஞ்ச வண்டி, அதனால "நம்ம ஊர்க் கார்"னு அப்பாவுக்கு ஒரு பெருமை. தெருவுல முதல் கார் எங்களோடது. பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடிச்சாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க கதவைத்தான் தட்டுவாங்க.

அந்தக் காரை அப்பா தினமும் துடைப்பார். காலையில டீ குடிச்ச கையோட பழைய பனியன் துணியை எடுத்துக்கிட்டு கூரையில ஆரம்பிச்சு டிக்கி வரைக்கும். தண்ணி கிடையாது. எங்க ஊர்ல காருக்குத் தண்ணி செலவழிச்சா அம்மா கையில விளக்குமாறு வரும். போர் தண்ணி உப்பு, குழாய்த் தண்ணி முறை வச்சு வரும். அதனால வெறும் துணி. ஒன்பது வருஷம், ஒரு நாள் விடாம.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்த வருஷம் தங்கச்சிக்குக் காலேஜ் கிடைச்சுருச்சு. ஹாஸ்டலோட சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டதும் வீட்ல ரெண்டு நாள் யாரும் யாரோடயும் சரியாப் பேசலை. மூணாவது நாள் அப்பாவே, "காரைக் குடுத்துருவோம்பா"ன்னார். அருப்புக்கோட்டையில இருந்து ஒரு புரோக்கர் அண்ணாச்சி வந்தார். எஞ்சினைக் கேட்டார், டயரைப் பார்த்தார், ஆர்.சி. புக்கைப் புரட்டினார். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வெயில்ல நின்னு பானட்டைச் சாய்ஞ்சு பார்த்தார். "பெயிண்ட் செத்துப் போச்சே அண்ணாச்சி. தொண்ணூறு தரலாம்"னார்.

அப்பா கேட்டது ஒன்று பத்து.

எனக்குச் சிரிப்பதா அழுவதான்னு தெரியலை. பி.காம். படிக்கிறவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருமான வரிச் சட்டத்துல காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், மீதி மதிப்பு முறையில. ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை ஒன்பது வருஷம் அப்படிக் கழிச்சா சுமார் 37,000 வரும். புத்தகப்படி பார்த்தா தொண்ணூறு என்பதே லாபம்! ஆனா அப்பா முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்ல முடியுமா? "செத்துப் போச்சு"ன்ன வார்த்தைதான் அவருக்கு வலிச்சது. தினமும் துடைச்ச வண்டியாச்சே.

அன்னிக்கு ராத்திரி செல்போன் டார்ச்சை எடுத்துக்கிட்டு கார்கிட்ட போனேன். வெளிச்சம் பட்ட இடத்துல பார்த்தா, பானட் முழுக்க சிலந்தி வலை. டார்ச்சை நகர்த்தினா வலையும் கூடவே நகருது. பகல்ல சூரியன் விழுற இடத்தைச் சுத்தி அதே வலை. நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, அதே மாதிரி இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. அந்தக் கோடுகள் வட்டமாகவே இல்லை. கன்னாபின்னான்னு எல்லாத் திசையிலயும் கிடக்கிற நூல் மாதிரி கீறல்கள். விளக்குக்குக் குறுக்கா அமைஞ்ச கீறல் மட்டும்தான் வெளிச்சத்தை நம்ம கண்ணுக்கு அனுப்பும், மத்தது தெரியாது. அதனால விளக்கைச் சுத்தி வட்டம் போட்ட மாதிரி தோணுது. மழை நின்னதும் தெருவிளக்குக்கு முன்னாடி நிக்கிற வேப்பமரத்தைப் பார்த்திருக்கீங்களா? ஈரக் கிளையெல்லாம் விளக்கைச் சுத்தி வளைஞ்சு வட்டமா மின்னும். அதே கதைதான்.

கீறல் எங்கிருந்து வந்துச்சு? மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கார் பெயிண்ட் அதுக்கு முன்னாடி எந்த மூலைக்கு? தூசி மேல காய்ஞ்ச துணியை வச்சுத் தேய்ச்சா அது துணி இல்லை, உப்புத்தாள். அதாவது ஒன்பது வருஷமா எங்கப்பா காரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கார். அன்பாத்தான்.

இப்ப கொஞ்சம் பெயிண்ட் பத்தி. (வகுப்பு எடுக்கிறேன்னு ஓடிராதீங்க, சுருக்கமா முடிச்சுருவேன்.) தகரத்துக்கு மேல துருத் தடுப்பு, பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத வார்னிஷ் மாதிரி ஒரு அடுக்கு. இதை கிளியர் கோட்னு சொல்வாங்க. எல்லா அடுக்கும் சேர்ந்தே 100-லிருந்து 150 மைக்ரான் சுமாருக்குத்தான் வரும். அதுல கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமன் 70 மைக்ரான் கிட்ட. காரோட மொத்தப் பளபளப்பும் முடியை விட மெல்லிசான அந்த ஒரு தோல்லதான் இருக்கு. வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துறதும் அதே தோல்தான்.

பாலிஷ் போடறதுன்னா என்னவோ மேல பூசறதுன்னு நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லவே இல்லை. கீறலைச் சுத்தி இருக்கிற மேட்டை அரைச்சு எடுத்து, கீறலோட ஆழத்துக்குக் கொண்டு போய் சமமாக்கறதுதான் பாலிஷ். பள்ளத்தை ரொப்ப முடியாது, மேட்டைத்தான் வெட்ட முடியும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மைக்ரான் போகும். திரும்ப வராது. எங்க பாடத்துல சுரங்கம், கல்குவாரி மாதிரி எடுக்க எடுக்கக் குறையற சொத்துன்னு ஒரு வகை வரும். அப்படித்தான் இதுவும். பேங்க்ல டெபாசிட் போட முடியாத கணக்கு, வித்டிராயல் மட்டும்.

மதுரையில ஒரு கடையில விசாரிச்சா மெஷின் பாலிஷுக்கு எட்டாயிரம். நம்ம டிங்கரிங் பட்டறை மாப்ள ஒருத்தன், "எதுக்குடா செலவு, என் கிரைண்டர்ல ஸ்பாஞ்ச் மாட்டித் தர்றேன்"னான். நல்ல வேளை கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். இரும்பு வெட்டுற கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். பாலிஷுக்குத் தேவை ஆயிரத்துச் சொச்சம், மிஞ்சிப் போனா ரெண்டாயிரம். கிரைண்டர்ல போட்டிருந்தா பெயிண்ட் கருகியிருக்கும்.

பாலிஷ் மெஷின்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு ஒரே அச்சுல கரகரன்னு சுத்தும், ரோட்டரி. இன்னொண்ணு சுத்திக்கிட்டே ஆட்டமும் ஆடும், டூயல் ஆக்‌ஷன். ரெண்டாவதுல அழுத்தம் கூடினா சுத்தறது தானா நின்னுரும், அதனால கத்துக்குட்டிக்கு ஆபத்து குறைவு. ஆனா விலை கூட. மலிவு ரோட்டரி கிட்டத்தட்ட கிரைண்டர் மாதிரியே உடம்பு, வேகத்தைக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவுதான். நம்ம பட்ஜெட்டுக்கு எது கிடைச்சிருக்கும்னு சொல்லணுமா?

செலவுக் கணக்கு இதோ:

மெஷின் (1200 வாட்) – 2,850
பேட் மாட்டுற தட்டு, ரெண்டு ஸ்பாஞ்ச் பேட் – 640
வெட்டுற காம்பவுண்ட் – 420
மெருகு பாலிஷ் – 480
மாஸ்கிங் டேப் – 90
மைக்ரோஃபைபர் துணி 6 – 350
ஆக மொத்தம் – 4,830 ரூபாய்.

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. எட்டாயிரத்துக்கு 4,830 பரவாயில்லைன்னு நினைச்சேன். அனுபவச் செலவுன்னு ஒரு தலைப்பு விட்டுப் போனது அப்புறம்தான் தெரிஞ்சது.

ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஆரம்பிச்சேன். எங்க ஊர் வெயில்ல தகரம் சுட்டா காம்பவுண்ட் வச்ச உடனே காய்ஞ்சு மாவாப் போயிரும், அதனால காலை ஒன்பதுக்குள்ள முடிக்கணும். முதல்ல கழுவணும். அம்மாகிட்ட பேச்சுவார்த்தை நடத்தி ரெண்டு வாளி போர் தண்ணி, கடைசி அலசலுக்கு அரை வாளி குழாய்த் தண்ணி வாங்கினேன். "குடிக்கவே தண்ணி இல்ல, காருக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டு"ன்னு ஒரு வாழ்த்தும் கிடைச்சது. உப்புத் தண்ணி காரிலேயே காய்ஞ்சா வெள்ளை வெள்ளையா பொட்டு விழும், அதனால உடனே ஈரத்தை ஒத்தி எடுத்தேன்.

மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒரு மூலையில வெள்ளைத் துணியில கொஞ்சம் காம்பவுண்ட் வச்சுக் கையால தேய்க்கணும். துணியில கார் கலர் ஏறினா மேல கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம். துணி வெள்ளையாவே இருந்துச்சு. பாஸ்.

ரப்பர், பிளாஸ்டிக் ஓரத்துக்கெல்லாம் டேப் ஒட்டினேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கட்டம். பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு. மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடியே பேடைப் பெயிண்ட்ல ஒத்திப் பரப்பிக்கணும், இல்லைன்னா காம்பவுண்ட் சட்டை மேலயும் சுவர் மேலயும் போகும். (எங்க வீட்டுச் சுவர்ல இன்னமும் இருக்கு.) மெதுவா, வயல்ல ஏர் ஓட்டுற மாதிரி சால் மேல சால் பாதி ஏறி வர்ற மாதிரி, குறுக்கால நாலு, நெடுக்கால நாலு. நடுநடுவுல கையை வச்சுப் பார்க்கணும். வெதுவெதுன்னா சரி. கை வைக்க முடியலைன்னா நிறுத்திரணும்.

துடைச்சுட்டு டார்ச் அடிச்சேன். டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை, அந்தப் பக்கம் கிணத்துத் தண்ணி. என் மூஞ்சி தெரிஞ்சது. மேல போற புறா தெரிஞ்சது.

அப்பா திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தார். எழுந்து வந்து குனிஞ்சு பார்த்தார். "எப்படிப்பா வந்துச்சு இந்தக் கோடெல்லாம்?"னு கேட்டார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். வெயில்னு சொல்லியிருக்கலாம், பழைய ஓனர்னு சொல்லியிருக்கலாம். வாய் முந்திருச்சு. "தூசியோட துடைச்சதுப்பா."

ஒண்ணும் சொல்லலை. தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம், "நல்லதுன்னு நினைச்சுல்லப்பா தொடைச்சேன்"னார். எனக்கு மெஷினைக் கீழ வச்சுட்டு ஓடிரலாம் போல இருந்துச்சு. பேச்சை மாத்த, "நீங்களும் பிடிச்சுப் பாருங்க"ன்னேன். என்னை விட நிதானமா பிடிச்சார். இடது பக்கக் கதவு ரெண்டும் அவர் போட்டது. இன்னிக்கும் சொல்றேன், வண்டியிலேயே அதுதான் சுத்தமான வேலை.

கெடுத்தது நான்தான். ரெண்டாவது நாள், தெம்பு வந்துருச்சு பாருங்க, திருகை ஒரு நம்பர் ஏத்தி வச்சேன். பானட் மடிப்பு மேல மெஷினைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சேன். மடிப்புலயும் ஓரத்துலயும் பெயிண்ட் மெலிசா இருக்கும், அங்க பேடோட மொத்த பலமும் ஒரே கோட்டுல விழும், அதனால டேப் ஒட்டிட்டு சுத்தியும் நிறுத்திக்கணும்னு படிச்சவன்தான் நான். அஞ்சாறு செகண்ட் இருக்கும். பேடைத் திருப்பிப் பார்த்தா மஞ்சள் ஸ்பாஞ்ச்ல கறுப்பு. அந்த வெள்ளைத் துணிச் சோதனை ஞாபகம் இருக்கா? கிளியர் கோட்டைத் தாண்டிக் கலர்ல இறங்கிட்டேன். மடிப்பு மேல ஒரு ரூபா நாணயம் அளவுக்கு மங்கலா ஒரு திட்டு. சொந்தச் செலவில் சூனியம்னா இதுதான். ஒன்பது வருஷத்துல அப்பா துணியால செய்யாததை நான் அஞ்சு செகண்ட்ல செஞ்சுட்டேன். அதுக்கு மருந்து கிடையாது, மறுபடி பெயிண்ட் அடிச்சாத்தான்.

அப்பாகிட்ட காட்டினேன். பார்த்தார். "பரவால்லப்பா, எனக்கொண்ணு உனக்கொண்ணு"ன்னார். அவ்வளவுதான். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

மிச்சத்தை மெருகு பேட் போட்டு முடிச்சேன். ரோட்டரியில வெட்டினதோட விட்டா வெயில்ல ரெக்கை ரெக்கையா ஒரு நிழல் ஆடும், மென்மையான பேட்ல ரெண்டாவது ஓட்டம் ஓட்டினாத்தான் அது போகும். கடைசியா ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து துடைச்சுப் பார்த்தேன். இது முக்கியம். காம்பவுண்ட்ல இருக்கிற எண்ணெய் கீறல்ல உக்காந்து மறைச்சுக்கிட்டு, நாலு கழுவல்ல மறுபடி பல்லைக் காட்டும். எண்ணெயைத் துடைச்ச பிறகும் பளபளப்பு நின்னாத்தான் நிஜம்.

இதைப் புரோக்கர் அண்ணாச்சிகிட்ட சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சார். "தம்பி, எண்ணெய் போட்ட பாலிஷ் இருநூறு ரூபா. கையால தேய்ச்சுட்டு வித்துருவோம். அந்தத் திட்டு மேலயும் கறுப்பு வாக்ஸ் வச்சா யாருக்குத் தெரியும்?"னார். எங்க வகுப்புல இதுக்கு விண்டோ டிரெஸ்ஸிங்னு பேர். மார்ச் 31-க்கு மட்டும் கணக்கு அழகா இருக்கும். பரீட்சையில அதைத் தப்புன்னு பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். வீட்ல ஃபீஸ் கட்டணும்னு வரும்போது தப்புன்னு சொல்றது அவ்வளவு சுலபமா இல்லை, நிஜமாவே யோசிச்சேன். அப்பாதான், "வாங்குறவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பான். நாளைக்குக் கடைத்தெருவுல முகத்தைப் பார்க்கணும்"னார்.

வாங்க வந்தவர் ஒரு வாத்தியார். பானட்டைப் பார்த்து சந்தோஷப்பட்டார். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மடிப்புத் திட்டைக் காட்டி, "இது நான் பண்ணினது சார், இங்க வெயில்ல போகப் போக உரியலாம்"னேன். புரோக்கர் தலையில கை வச்சுக்கிட்டார். வாத்தியார் ரெண்டாயிரம் குறைச்சார். கடைசியா ஒரு லட்சத்துல முடிஞ்சது.

தொண்ணூறுக்கும் லட்சத்துக்கும் வித்தியாசம் பத்தாயிரம். செலவு 4,830. நிகரம் 5,170. என் ரெண்டு நாள் கூலியைக் கணக்குல சேர்க்கலை. பத்தாயிரமும் பாலிஷாலதான் வந்துச்சான்னு கேட்டா, வாத்தியாருக்கு வண்டி அவசரமாத் தேவைப்பட்டிருக்கலாம்னுதான் சொல்வேன். ஆனா ஹாஸ்டல் முன்பணம் கட்டியாச்சு, அது போதும்.

நீங்க யாராவது மலிவு மெஷின் வாங்கறதா இருந்தா நான் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மெஷினுக்கு முன்னாடி ரெண்டு வாளி வாங்குங்க. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல துணி அலசறதுக்கு. தண்ணி இல்லாத நாள்ல தூசியைத் தொடவே தொடாதீங்க, அழுக்காவே ஓட்டுங்க. அழுக்குக் கார் கேவலம் இல்லை. துடைக்கிற பழக்கம் மாறாம மெஷின் போட்டா, வருஷா வருஷம் அந்த 40 மைக்ரான்ல இருந்து எடுத்துத் தின்னுக்கிட்டே இருப்பீங்க. எங்க ஊர்க் கிணறுகள் எல்லாம் வத்தினது இப்படித்தான்.

வாத்தியார் சாவியை வாங்கிக்கிட்டு வண்டியில ஏறப் போனார். கதவுல லேசா புழுதி. பழக்கதோஷத்துல பாக்கெட்ல இருந்து கைக்குட்டையை எடுத்தார். அப்பா சட்டுன்னு அவர் கையைப் பிடிச்சுட்டார். "சார், காய்ஞ்ச துணி போடாதீங்க. கீறும்."